இரண்டு படலங்களுக்கு ஒரு சொல்

ஆதார் மையத்தில் 'கருவிழி'யைப் பதிவு செய்கிறார்கள். கண்தான விளம்பரத்திலும் 'கருவிழி'யையே கேட்கிறார்கள். முன்னது ஐரிஸ், பின்னது கார்னியா. கண்ணின் முன்புறத்தில் ஒளிபுகும் படலம் கார்னியா. அதற்குப் பின்னால் பாவையைச் சூழ்ந்திருக்கும் நிறத்திரை ஐரிஸ். பலபொருள் ஒருசொல்லுக்கு வகுப்பறையில் இது நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவமனையில் இதன் விளைவு வேறு.

கிழக்கேகோட்டையில் வாழும் என் பெரியம்மாவுக்குச் சந்தையில் மலையாளம், வீட்டில் நாஞ்சில் தமிழ். அவரது கண்ணின் வடிகால் கோணம் குறுகியிருப்பதும், இடக்கண்ணில் அழுத்தம் உயர்ந்திருப்பதும் அண்மையில் தெரியவந்தன. ஐரிஸில் லேசரால் நுண்துளை இட வேண்டும் என்று மருத்துவர் மலையாளத்தில் விளக்கினார். 'கிருஷ்ணமணி' என்ற சொல் பெரியம்மாவின் மனத்தில் 'கருவிழி' ஆயிற்று. "கருவிழியில ஓட்டை போட்டா கண்ணு வெளுத்துப் போவாதா மக்கா?" என்று என்னிடம் கேட்டார். உறவினர் ஒருவருக்கு லேசர் செய்து சில ஆண்டுகளில் கண் வெளுத்ததை அவர் பார்த்திருக்கிறார்.

துளை விழுவது கார்னியாவில் அன்று. ஆயினும் அந்த அச்சம் ஆதாரமற்றதும் அன்று. லேசர் கார்னியாவை ஊடுருவித்தான் ஐரிஸை அடைகிறது. கார்னியாவின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக உள்ள எண்டோதீலியச் செல்கள் நீரை ஓயாமல் வெளியேற்றி அதைத் தெளிவாக வைக்கின்றன. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் இருக்கும். இழந்தவை மீண்டும் பெருகுவதில்லை. அவை மிகவும் குறைந்தால் கார்னியா நீர்கோத்து வீங்கி மங்கும். ஆர்கான் லேசர் பரவலாக வழங்கிய ஜப்பானில், கார்னியா மாற்று அறுவைக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இச்சிக்கல் இருந்தது. குறைந்த ஆற்றல் போதுமான யாக் லேசரில் இது அரிது, எனினும் இல்லாததன்று. முன்பே அழுத்தத் தாக்குதலுக்கு உள்ளான கண்களிலும், செல்கள் குறைந்த கண்களிலும் கூடுதல் கவனம் தேவை.

கோணம் குறுகிய எல்லோருக்கும் இச்சிகிச்சை வேண்டுமா? சீனாவின் குவாங்சோவில் 889 பேரிடம் ஆறு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வெளியானது. லேசர் செய்த கண்களில் 19இலும், செய்யாத கண்களில் 36இலும் மட்டுமே கோண அடைப்பு தொடர்பான பாதிப்பு ஏற்பட்டது. ஆகவே, சந்தேக நிலையிலுள்ள அனைவருக்கும் முன்தடுப்பாக லேசர் செய்வதை ஆய்வாளர்கள் பரிந்துரைக்கவில்லை. பெரியம்மாவின் இடக்கண் அந்த நிலையைக் கடந்திருந்தது.

பேருந்தின் முன்கண்ணாடியையும் அதன் பின்னே தொங்கும் திரையையும் சொல்லி விளக்கினேன். "அப்போ கண்ணாடிக்கு என்ன ஆவும்னு கேளு" என்றார். அக்கேள்வியால் செல் எண்ணிக்கையை முதலில் அளந்தார்கள், போதுமானதாக இருந்தது. இடக்கண்ணுக்கு லேசர் முடிந்தது. வலக்கண்ணைக் கண்காணித்து முடிவு செய்யலாம் என்றார்கள்.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அகராதிகளில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஒப்புதல் படிவத்தைப் படிப்பவரின் வாயில் இல்லை. கையொப்பமிடுபவர் எந்தப் படலத்தைப் பற்றிக் கையொப்பமிடுகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.