ஓர் இயந்திரத்தின் வயது

மொழியிலே சில சொற்கள் வழக்கொழிந்து போவதும், அவற்றின் இடத்திலே புதியன வந்தமர்வதும் காலத்தின் இயல்பு. அது குற்றமாகாது என நன்னூலார் அமைதி கூறிச் சென்றார். பல்கலைக்கழகத்திலே தமிழைப் பாடமாகப் பயின்ற நாள் முதல் இவ்விதியை ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு சொல்லை வழங்கும் மக்கள் அதனைக் கைவிடும்போதே அது பழையதாகின்றது. தீர்ப்பு வழங்குவோர் பேசுவோரே. ஆயின், நாம் இன்று வீட்டிலே வைத்துப் பயன்படுத்தும் இயந்திரங்கள் எவ்வாறு பழையனவாகின்றன? அங்கே தீர்ப்பு வழங்குவோர் யாவர்? ஒரு சிறு கணினிக்கு ஒரு சிறு அட்டையை வாங்கிப் பொருத்திய அனுபவமே இவ்வினாவை என்முன் நிறுத்திற்று. இது தொழில்நுட்பத்தாருக்கு மட்டும் உரிய வினாவன்று என்பதனாலேயே இங்கு எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீட்டு முன்கூடத்திலே, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே, தடித்த அகராதியொன்றைக் கிடையாக வைத்தாற்போன்ற ஒடுங்கிய கணினியொன்று இருக்கின்றது. அந்நிய நாட்டு அலுவலகம் ஒன்றிலே சில ஆண்டுகள் உழைத்து, அங்கே கழிக்கப்பட்டு, கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, தூசு தட்டப்பட்டுப் பாவித்த பொருளாக என்னிடம் சேர்ந்தது அது. அதன் செயலி இன்ரெல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட மூன்றாந் தலைமுறையைச் சேர்ந்தது. சனிக்கிழமை மாலைகளில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு நல்ல திரைப்படங்களைப் பார்ப்பதற்கும், பாடப் பதிவுகளைக் காட்டுவதற்கும், பாட்டுக் கேட்பதற்கும் அதுவே எமது அரங்கு.

2024 ஆம் ஆண்டிலே எமது மாணவர்கள் ஒரு நாடகம் மேடையேற்றினார்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் அதனை முழுமையாகத் தமது கைத்தொலைபேசியிலே பதிவு செய்து தந்தார். நடித்த பிள்ளைகளும் அவர்தம் பெற்றோர் சிலரும் கூடியிருக்க, அதனை எமது கணினியில் ஓடவிட்டோம். குரல் ஒழுங்காக வந்தது, படமோ வரவில்லை. நடிகர்கள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை உறைந்து நின்றார்கள். பின்னர் வேறோர் இடத்திலே திடீரெனத் தோன்றினார்கள். “சேர், புதுக் கொம்பியூட்டர்தான் வேணும் போல” என்றான் ஒரு மாணவன். கூட்டத்திலிருந்த பலரும் தலையசைத்தனர்.

அயலிலே வானொலி திருத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலே, மின்சாரமும் மின்கலமும் இன்றிக் கிடந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். மறுநாள் வந்து, அரைமணி நேரம் பெட்டியைத் திறந்து பார்த்தபின் அவர் சொன்னார்: “தம்பி, பெட்டியிலை ஒரு பழுதுமில்லை. வந்திருக்கிற படத்தின்ரை பாஷை அதுக்குத் தெரியேல்லை. அவ்வளவுதான்.”

அவர் கூற்று முற்றிலும் மெய்யானது. அதனைச் சற்று விரித்து நோக்குவோம். அந்தப் பதிவிலே ஒவ்வொரு படச் சட்டமும் அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகளைக் கொண்டது. அதாவது, ஒரு சட்டத்திலே 82 இலட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க மூன்று பைற்று என்றும், விநாடிக்கு 30 சட்டங்கள் என்றும் கொண்டால், ஒரேயொரு விநாடிக் காட்சிக்கு ஏறத்தாழ 75 கோடி பைற்று வேண்டும். ஓர் இறுவட்டு முழுவதும் ஒரு விநாடியிலே நிரம்பிவிடும். ஆகவே, அசையாத சுவரையும் மாறாத வானத்தையும் சட்டந்தோறும் திரும்ப எழுதாது, மாறிய பகுதியை மட்டும் குறித்துச் சுருக்கும் முறைகளை அறிஞர் வகுத்தனர். 2003 இல் வகுக்கப்பட்ட எச். 264 என்னும் முறை உலகெங்கும் பரவிற்று. 2013 இல் வந்த எச். 265 ஏறக்குறைய அதன் பாதியளவு தரவிலேயே அதே தரமுள்ள படத்தைத் தருவது. சுருக்கியதை மீள விரிப்பது கடினமான கணிதவேலை. அதற்கெனத் தனிச் சுற்று சில்லிலே அமைந்திருந்தால் அவ்வேலை இலகுவாக முடியும். இல்லையேல் பொதுச் செயலி முழுவதும் தன்னந்தனியே மூச்சிரைக்க உழைக்கவேண்டும். 2012 இல் பிறந்த எமது செயலிக்கு எச். 264 தெரியும், தனக்குப் பின் பிறந்த முறையை அது எங்ஙனம் அறிந்திருக்கும்?

இதுவரை கூறியது அறிவியலின் வளர்ச்சி. அதனை நாம் வரவேற்கவே வேண்டும். பாதித் தரவு என்றால் பாதிச் செலவு. மாதந்தோறும் தரவுப் பொதியை எண்ணி எண்ணி வாங்கும் ஏழை மாணவனுக்கு அதனால் நன்மை உண்டு. ஆனால், இந்த வளர்ச்சி யாருடைய கையிலே இருக்கின்றது என்று கேட்கும்போதுதான் கதை வேறாகின்றது. எச். 265 இன் பல்வேறு பகுதிகளுக்குக் காப்புரிமை கொண்டாடிய நிறுவனங்கள் 2014 க்கும் 2017 க்கும் இடையில் மூன்று வெவ்வேறு கூட்டுகளாக அணிதிரண்டு கட்டணம் கேட்டன. இதனால் இடருற்ற கூகிள், அமேசன், நெற்ஃபிளிக்ஸ், மைக்கிரோசொவ்ற் முதலிய பெருநிறுவனங்கள் 2015 இல் ஒன்றுகூடி, 2018 இல் ஏவி1 என்னும் கட்டணமற்ற முறையை வெளியிட்டன. அவை செய்தது தர்மமன்று. தம் செலவைக் குறைக்கத் தாமே வெட்டிய வாய்க்கால். ஆயினும் அதன் நீர் எமது வயலுக்கும் பாய்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2025 இல் வெளிச்சத்துக்கு வந்த செய்தி இன்னும் விசித்திரமானது. பெயர்பெற்ற இரு கணினி நிறுவனங்கள் தம் மடிக்கணினி மாதிரிகள் சிலவற்றில், சில்லினுள்ளே இருக்கும் எச். 265 ஆற்றலை முடக்கிவைத்தே விற்றனவாம். ஆற்றல் இருந்தும் நாவைக் கட்டிவிட்ட கதை இது.

எமது கணினிக்கு வருவோம். புதுக் கணினி வாங்க என் சம்பளம் இடந்தராது. பழைய கணினிக்குப் புதுப் பாஷை கற்பிக்க ஒரு வழி உண்டு: கடைக்காரர் ‘கிராபிக்ஸ் கார்ட்’ என்றும், நாம் தமிழில் வரைகலை அட்டை என்றும் கூறுவதை மாற்றுவது. ஒடுங்கிய பெட்டியாதலின் மூன்று நிபந்தனைகள் குறுக்கே நின்றன. முதலாவது உயரம்: சாதாரண அட்டை ஏறத்தாழ 111 மில்லிமீற்றர் உயரமுடையது, எமது பெட்டி ஏற்பது 69 மில்லிமீற்றருக்குட்பட்ட குள்ள அட்டையை மட்டுமே. இரண்டாவது மின்: உள்ளேயிருக்கும் மின்வழங்கி 240 வாற்று மட்டுமே தருவது, அட்டைக்கெனத் தனி மின்கம்பி அதிலே இல்லை, எனவே செருகுவாயிலிருந்தே மின்னைப் பெற்று வாழும் அட்டை வேண்டும். மூன்றாவது வெப்பமும் ஓசையும்: படம் பார்க்கும் கூடத்திலே இரையும் விசிறி ஆகாது.

மூன்றுக்கும் இசைந்ததாக என்விடியா நிறுவனம் 2017 இல் வெளியிட்ட ஜீ.ரி. 1030 என்னும் அட்டையைத் தெரிந்தேன். 30 வாற்று மட்டுமே கொள்வது, விசிறியில்லாத குள்ள வடிவிலும் கிடைப்பது, எச். 265 ஐ நன்கறிந்தது. இங்கேதான் வாசகர் கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. முதலில் வந்த அட்டையின் நினைவகம் ஜீ.டி.டி.ஆர். 5 வகையினது, விநாடிக்கு 48 ஜிகாபைற்று தரவை நகர்த்துவது. 2018 இல் அதே பெயரிலே வேறோர் அட்டை வந்தது. அதன் நினைவகம் மலிவான டி.டி.ஆர். 4, அது நகர்த்துவது 16.8 ஜிகாபைற்று. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். பெயர் ஒன்று, பொருள் இரண்டு! படம் பார்ப்பவனுக்கு இவ்வேறுபாடு பெரிதாகப் படாது. மாணவர் முப்பரிமாண உருவங்களை வரையவோ விளையாடவோ முற்பட்டால் உடனே தெரியும். நகரிலுள்ள கடையொன்றிலே இரண்டும் அருகருகே இருந்தன. பெட்டியின் ஓரத்திலே சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்த நினைவக வகையைக் காட்டி விளக்கியபோது, கடையில் நின்ற இளைஞர், “அண்ணை, எங்களுக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை” என்றார். அவரும் சம்பளத்துக்கு நிற்பவர்தானே! ஒரே சொல்லுக்கு இரு பொருள் கொள்வதை நாம் இலக்கியத்திலே சிலேடை என்று பாராட்டுகிறோம். வணிகத்திலே அச்சிலேடைக்கு விலைகொடுப்பவன் வாங்குபவன்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். பாவித்த அட்டையாக இருந்தும், அது என் உழைப்பில் ஒரு வாரத்தை விழுங்கிற்று. இதற்குக் காரணங்கள் எமது ஊரிலே தோன்றியவையல்ல. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் எண்ணிம நாணயம் அகழ்வோர் உலகச் சந்தையிலே வரைகலை அட்டைகளை அள்ளிக்கொண்டனர்; விலைகள் எங்கும் ஏறின. எதீரியம் என்னும் நாணயம் 2022 செப்ரெம்பர் 15 இல் தன் முறையை மாற்றிய பின்னரே அவ்வகழ்வு பெரிதும் ஓய்ந்தது. அதற்குள் எமது ரூபா வீழ்ந்துவிட்டது: 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாகவிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று. எங்கோ ஒருவன் ஆடிய சூதாட்டத்தின் செலவும், இங்கே ஆண்டோர் வைத்துச்சென்ற கடனின் சுமையும் ஓர் ஆசிரியனின் மேசையிலே வந்து கூடுகின்றன.

அட்டையைப் பொருத்தும் வேலையை மாணவர் கையிலேயே விட்டேன். மின்கம்பியைக் கழற்றி, எஞ்சிய மின் வடியும்படி ஆளியை ஒருமுறை அழுத்தி, பெட்டியின் வெற்றுலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கியபின் மூடியைத் திறந்தனர். அட்டையின் நீண்ட உலோகத் தாங்கியைக் கழற்றிக் குட்டையானதை மாட்டினர். தாய்ப்பலகையிலுள்ள நீண்ட செருகுவாயில் அட்டை ‘டக்’கென்று அமர்ந்தது. தொலைக்காட்சிக்குச் செல்லும் கம்பியைப் பழைய வாயிலிருந்து எடுத்து அட்டையின் எச்.டி.எம்.ஐ. வாயிலே மாட்டியதும், படமும் ஒலியும் அவ்வொரே கம்பியினூடு சென்றன. எல்லாம் இருபது நிமிட வேலை. அன்று மாலை நாடகம் தடையின்றி ஓடிற்று. மேடையில் நின்ற தன் மகளின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் தான் கண்டதில்லை என்றார், பின்வரிசையிலிருந்து நாடகம் பார்த்திருந்த தாயொருவர்.

இஃது இறுதி வெற்றியென நான் கருதவில்லை. 2017 இன் அட்டைக்கு 2018 இன் ஏவி1 தெரியாது. 2025 ஒக்ரோபர் 14 இல் மைக்கிரோசொவ்ற் நிறுவனம் விண்டோஸ் 10 க்கு வழங்கிவந்த இலவச ஆதரவை நிறுத்திற்று. அதன் பின்வந்த விண்டோஸ் 11, எட்டாந் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான இன்ரெல் செயலிகளைத் தன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. எமது கணினியிலே தேய்ந்த உறுப்பு ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு தேதி குறிக்கப்பட்டு அது கிழமாக்கப்பட்டது. நாங்கள் அதிலே லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றினோம். உலகெங்குமுள்ள பல்லாயிரவர் உழைப்பாலே உருவான பொதுச்சொத்து அது. கணினி இன்றும் உழைக்கின்றது.

ஆகவே இயந்திரத்தின் வயது இருவகைப்படும் எனலாம். ஒன்று, உறுப்புத் தேய்வதால் வருவது, அது இயற்கை. மற்றையது, காப்புரிமை மன்றிலும் விற்பனை அறையிலும் தீர்மானிக்கப்பட்டு நம்மீது சுமத்தப்படுவது. இரண்டையும் பிரித்தறியாதவன், பழுதில்லாத பெட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதற்குக் கடன்படுகிறான். பிரித்தறிபவனோ எதை ஏற்பது, எதை மறுப்பது, எதைத் திருத்துவது என்று தானே முடிவு செய்கிறான்.

இவ்வறிவைச் சாதாரண மக்களிடம் சேர்ப்பது யார் பணி? ஆசிரியர் பணியே என்பேன். அதிலும் தாய்மொழியில் கற்பிப்போர் பணி. செய்யுளிலே சிலேடையைப் பிரித்துப் பொருள்கொள்ளக் கற்பிக்கும் நாம், பொருளின் பெட்டியிலே அச்சிட்டிருப்பதைப் பிரித்து வாசிக்கவும் கற்பித்தல் வேண்டும். அதற்கு வேண்டிய தமிழ்ச் சொற்கள் பல ஏற்கெனவே பாடநூல்களில் உள. இல்லாதவற்றை வானொலி திருத்தும் பெரியவரைப் போன்றோரிடம் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பழைய கணினியைத் திறந்து வைத்து, அதனைச் சுற்றிப் பத்து மாணவரை நிறுத்துவதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு திருகாணிச் சாவியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.