வயிற்றில் புள்ளி வைத்த குதிரை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழிக்குப் போகிறவர்கள் விஜயராகவப் பெருமாளைச் சேவித்து, சடாயு கதையைக் கேட்டு, குளத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எங்களோடு வந்த மாணவர்களைப் பிடித்துக்கொண்டது குதிரை வாகனம். நிஜக் குதிரையைப் போல உறுப்புகள் அசையும்படி செய்தது என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள்.

சென்னையிலிருந்து மூன்று பேர், பிரான்சிலிருந்து இரண்டு பேர். காஞ்சிபுரத்தைப் பற்றி ஒரு டிஜிட்டல் படைப்பு செய்ய வந்திருந்தார்கள். திரைக்கு முன்னால் நாம் நடந்தால், சென்சார் அதைக் கண்டு, சேலைக் கரையில் இருக்கும் உருவங்களையும் நடக்கவைக்கும். குதிரையைப் பார்த்ததும் யானை, அன்னம் எல்லாம் திட்டத்திலிருந்து கழன்றுகொண்டன.

இப்படிப்பட்ட முயற்சிகள்மேல் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு. நெசவாளியின் முகச் சுருக்கத்தைப் படம் பிடிப்பார்கள். அவர் மூளையைக் கேட்கமாட்டார்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. குழித்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து நூலில் கோத்த அட்டைகள் சரமாகத் தொங்கின. ஓர் அட்டையில் தவறி விழுந்த ஓட்டையைக் காகிதத் துண்டு ஒட்டி அடைத்திருந்தார்கள். "ஓட்டை இருந்தா ஊசி உள்ளே போகும், கொக்கி இழையத் தூக்கும். இல்லேன்னா தூக்காது. அவ்வளவுதான் தம்பி" என்றார் பெரியவர். மிதியை அழுத்தினார், பெட்டியில் அடுத்த அட்டை வந்து உட்கார்ந்தது.

லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இதே அட்டையைத்தான் பின்னால் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுப் பெண்ணுக்கு இது மியூசியத்துச் சாமான். இங்கே பக்கத்து அறையில் குக்கர் விசிலடிக்க, தறி ஓடிக்கொண்டிருந்தது.

டேப்லெட்டில் குதிரையைக் காட்டினார்கள். வளைவெல்லாம் வழவழவென்று இருந்தது. பெரியவர் கிராஃப் தாள் கேட்டார். "நம்ம பெட்டி 240 கொக்கி. அதுக்குள்ளதான் உன் குதிரை நிக்கணும்." பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பினார். முதுகு படிக்கட்டானது. ஒரு கட்டத்தில் வைத்த காது தெரியாது என்று இரண்டாக்கினார். வயிற்றுக்கு வந்ததும் நிறுத்தி, நடுநடுவே சில கட்டங்களைப் புள்ளிபோலக் காலியாக விட்டார்.

"ஏன் ஐயா, அங்கே ஓட்டையா?"

"ஜரிகை இவ்வளவு தூரம் பிடிப்பில்லாம ஓடினா வளையல்ல மாட்டி இழுத்துக்கும் பாப்பா. அங்கங்க கட்டிப்போடணும்."

மாணவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். திரையில் ஜரிகையும் இல்லை, வளையலும் இல்லை. புள்ளி தேவையே இல்லை. ஆனாலும் வைத்துக்கொண்டார்கள். நடக்கும்போது அந்தப் புள்ளிகள் மினுங்கியதில்தான் குதிரைக்கு உயிர் வந்தது என்பது என் எண்ணம்.

தறியின் மறுபக்கம் பெரியவரின் மனைவி. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரை நாடாவை அவர் தள்ளிக்கொண்டிருந்தார். கூலி எப்படி என்றேன். "சேலைக்குத்தான். எனக்குன்னு தனியா என்ன?" 2005-06-இல் காஞ்சிபுரப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயர் பதிவாகிவிட்டது. தள்ளுகிற கை யாருடையது என்று எந்தச் சேலையும் சொல்லாது.

திருப்புட்குழி வழக்கம் வேறு. இதுபோல் இன்னொன்று யாருக்கும் செய்து தரமாட்டேன் என்று உயிரையே விட்டானாம் குதிரையைச் செய்த சிற்பி. உற்சவத்தின் எட்டாம் நாள் பெருமாள் அவன் பெயர் கொண்ட வீதிக்கு எழுந்தருள்கிறார் என்கிறது தலக்கதை. வேனில் வரும்போது கேட்ட கதை இது. சென்னைப் பையன் ஒருவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். படைப்பாளர் பட்டியலில் உங்கள் இருவர் பெயரையும் சேர்க்கட்டுமா என்று பெரியவரிடம் கேட்டான்.

"போடேன். அவ பேர முதல்ல போடு" என்றார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "கிராஃப் போட்டா அதுக்கும் கூலி உண்டு தம்பி, தெரியுமில்ல?"

அவர்களுடைய பட்ஜெட்டில் புரொஜெக்டர் வாடகைக்கு, சென்சாருக்கு, வேனுக்கு எல்லாம் பணம் ஒதுக்கியிருந்தது, இதற்கு இல்லை. வாசலிலேயே நின்று பேசி, வேன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்.