யந்திரம் ஏன் பேசவில்லை?

யந்திரங்கள் நிபுணர்களின் சொத்து என்றும், ஏனையோர் அவற்றை விலைகொடுத்து வாங்கி, கெட்டால் எறிந்துவிடக் கடமைப்பட்டவர்கள் என்றும் ஓர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இவ்வெண்ணம் தானாக முளைத்ததன்று. திறந்து பார்க்க முடியாத பெட்டிகளை விற்போருக்கு இதனால் இலாபமுண்டு. நட்டம் யாருக்கு என்பதை அறியச் சிறியதோர் உதாரணமே போதும்.

கடந்த சில மாதங்களாக, மாலை வேளைகளில், எமது மாணவர் சிலருடன் 'ஆர்டுயினோ நானோ' வகைப் பலகைகளில் வேலை செய்து வருகிறோம். விரலளவான பலகை, அதன் நடுவே ஒரு நுண்கட்டுப்படுத்தி, அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிய சிறு கணினி. செய்நிரலைச் சேமித்து வைக்க 32 கிலோபைட்டு. வேலை நடக்கும்போது பயன்படுத்த 2 கிலோபைட்டு. அவ்வளவே அதன் ஆஸ்தி. இதனுடன் 128க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறு திரையொன்றை இணைத்து, அதில் தமிழிலே ஒரு வாக்கியம் காட்டவேண்டும் என்பது மாணவரின் ஆசை. ஆசை சிறிது, தடைகளோ பல.

முதலில், பலகை வாய்திறக்கவில்லை. கணினி பத்துத் தடவை கூப்பிட்டும் பதிலில்லை. "சேர், இது செத்துப்போச்சுது. எறிஞ்சுபோட்டு வேறை ஒண்டு வாங்குவம்" என்றான் ஒருவன். பலகைக்குச் சொந்தக்காரியான மாணவி பேசவில்லை. ஒரு நாட்கூலியின் பெரும்பகுதியைத் தின்ற பொருள் அது. அன்றியும், தன் கைபட்டதாலேயே கெட்டது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள் என்பது முகத்திலே தெரிந்தது.

பலகை சாகவில்லை. அதன் நினைவகத்தின் மேற்கோடியில் 'பூட்லோடர்' என்றொரு சிறு நிரல் குடியிருக்கிறது. பலகையை மீளத் தொடக்கியதும் முதலில் விழிப்பது அதுவே. புதிய செய்நிரல் ஏதும் வருகிறதா என்று சிறிது நேரம் காத்திருக்கும். வந்தால் வாங்கி எழுதிவைக்கும். வராவிட்டால் ஏற்கெனவே உள்ள நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நானோ பலகைகளில் இந்த வாயிற்காவலன் முன்னர் செக்கனுக்கு 57,600 பிட்டு வேகத்திற் பேசினான். 2018 முதல் வெளிவந்தவற்றில் 115,200. எமக்குக் கிடைத்த பலகையில் இருந்தவன் பழையவன்; கணினி பேசியதோ புதிய வேகத்தில். தெரிவுப் பட்டியலில் 'பழைய பூட்லோடர்' என்பதைத் தெரிந்ததும் பலகை பேசிற்று. மாணவியின் கை குற்றமற்றது என்பதும் அப்போதே நிரூபணமாயிற்று.

அடுத்தது திரை. அதன் 8,192 புள்ளிகளையும், புள்ளிக்கு ஒரு பிட்டாக, வேலை நினைவகத்தில் வைத்திருக்க 1,024 பைட்டு வேண்டும். இருக்கும் இடத்திற் சரிபாதி அதற்கே போய்விடும். மிச்சத்தை வாசகங்களும் பிற கணக்குகளும் பங்குபோட, திரை இருண்டு கிடந்தது. வாசகங்களைச் செய்நிரல் நினைவகத்திலேயே தங்கவைத்தோம். திரையை எட்டுப் பட்டைகளாக வகுத்து, ஒரு தடவைக்கு 128 பைட்டு மட்டும் எடுத்து, எட்டுத் தடவை வரையச் செய்தோம். வேகம் சற்றுக் குறைந்தது, இடம் பிறந்தது.

அப்போதும் புள்ளிச் சிதறலே தெரிந்தது. திரையோடு வந்த சீட்டில் எஸ்.எஸ்.டி. 1306 என்றிருந்தது, உள்ளே இருந்ததோ எஸ்.எச். 1106. முன்னது ஒரு பட்டை நிறைந்ததும் தானே அடுத்ததற்குச் செல்லும். பின்னதற்கு ஒவ்வொரு பட்டையையும் சுட்டிக்காட்ட வேண்டும். அதன் நினைவகத்தில் நிரல்கள் 132. திரையில் தெரிவன நடுவிலுள்ள 128. ஆகையால் படத்தை இரண்டு புள்ளி நகர்த்தவும் வேண்டும். சீட்டை நம்பாமல் சிப்பின் நடத்தையை நம்பியபோது படம் தெளிந்தது.

மூன்றாவது தடை எமது எழுத்து. 'கொ' என்பதற்குக் ககரத்தின் இருபுறமும் குறிகள் வேண்டும். குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் எளிய முறை இங்கே உதவாது. ஆகவே கட்டத் தாளில் ஒவ்வோர் எழுத்தையும் முழுமையாக வரையத் தொடங்கினோம். 16க்கு 16 கட்டமென்றால் எழுத்தொன்றுக்கு 32 பைட்டு. 247 எழுத்துக்கும் 7,904. செய்நிரல் பெருத்துக்கொண்டே போகையில், பழைய பூட்லோடருக்கு ஒதுக்கிய 2,048 பைட்டு எமது கண்ணை உறுத்திற்று. 'ஒப்டிபூட்' என்னும் மற்றொன்று அதே வேலையை 512 பைட்டுக்குள் செய்கிறது. நன்றாயிருந்த ஒரு பலகையைக் கருவியாக்கி, அதன்மூலம் மற்றதில் ஒப்டிபூட்டை எழுதினோம். மீந்தது 1,536 பைட்டு. அதாவது 48 தமிழ் எழுத்துகளுக்கு இடம்.

நிற்க. இவற்றையெல்லாம் எம்மால் எப்படிச் செய்ய முடிந்தது? எமது கெட்டித்தனம் அன்று காரணம். பலகையின் சுற்றுப்படமும் பூட்லோடரின் மூலநிரலும் எவரும் வாசிக்கத் திறந்து கிடக்கின்றன. சிப்பின் உள்ளமைப்பு இன்றும் கம்பனியின் தனிச்சொத்தே. ஆயினும் அதன் வெளிவாயில்கள் எழுத்தில் உள்ளன. 2003இல், இத்தாலியின் இவ்ரேயா நகரில், கொலம்பியரான எர்னாண்டோ பராகான் தமது முதுமாணிப் படிப்பின்போது 'வயரிங்' என்னும் திட்டத்தை உருவாக்கினார். 2005இல் எழுந்த ஆர்டுயினோவுக்கு அத்திவாரம் அதுவே. ஆர்டுயினோ உலகெங்கும் பரவிற்று. பராகானின் பெயர் பரவவில்லை. 2016இல் அவரே அவ்வரலாற்றை எழுதி வெளியிட நேர்ந்தது. அறிவு பொதுவாவது நன்று. உழைத்தவன் பெயர் அதற்குள் புதையுண்டு போவது நன்றன்று. இதையும் மாணவருக்குச் சொல்லவேண்டியது ஆசிரியர் கடமை.

செத்துப்போச்சுது என்று தீர்ப்புக் கூறுவது இலகு. ஏன் பேசவில்லை என்று கேட்பதற்குப் பொறுமை வேண்டும். கேட்டால் விடை கிடைக்குமளவுக்குப் பெட்டியும் திறந்திருக்க வேண்டும். பொறுமையைக் கற்பிக்கலாம். பூட்டிய பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு அதைக் கற்பிப்பது வீண்.

எமது எழுத்துகள் இன்னும் முடியவில்லை. 'ணௌ' போன்றவை 16 கட்டத்துக்குள் அடங்க மறுக்கின்றன. முடிந்தவற்றின் தலைப்பில், வரைந்த மாணவரின் பெயர்களோடு, எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம்.