தகரத் தொட்டியும் உருளுகிற குச்சியும்

கரிசல் காட்டு ஆட்கள் வெளியூரில் சந்தித்துக்கொண்டால் முதல் பேச்சு மழையைப் பற்றியதாகத்தான் இருக்கும். எனக்கென்னவோ "உங்க வீட்ல கோழி கிடந்ததா?" என்று கேட்கத்தான் வாய் வரும். கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே, பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்து போகிற ஊர் எங்களுடையது. உங்கள் ஊரும் அந்தப் பக்கம் என்றால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண் சுவர், ஓலைத் தாழ்வாரம், பின்னால் வேம்பு, அதன் மூட்டில் கவிழ்த்த பஞ்சாரம். விடியலில் பஞ்சாரத்தைத் தூக்கினதும் உள்ளேயிருந்து ஒரு வெக்கை வாடை வரும். இறகும் எச்சமும் தவிடும் கலந்த வாடை. இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஆச்சி முந்தியில் கம்பை முடிந்துகொண்டு வந்து, "ப்பா... ப்பா... ப்பா..." என்று ஒரு இழுப்பு இழுப்பாள். தெருவின் அந்தக் கோடியில் குப்பை கிளறிக்கொண்டிருக்கிற கோழிகூட இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வரும். வீசின தானியத்தில் வீணாய்ப்போனது என்று ஒன்றும் கிடையாது. கோழி விட்டதைக் குருவி எடுக்கும், குருவி விட்டதை அணில் எடுக்கும், மிச்சம் எறும்புக்கு. ஐப்பசி மழையில் முற்றத்து ஓரமாக நாலு கம்புப் பயிர் முளைத்து நின்றால், அதுவும் கோழிக்குத்தான்.

சிந்துகிறது என்ற கவலை, கூண்டு வந்த பிறகுதான் வந்தது. கூண்டு வந்ததற்குக் காரணம் தீப்பெட்டி. வீட்டுக்கு வீடு பெட்டி ஒட்டுகிற காலம். மேல்பெட்டியும் அடிப்பெட்டியும் பசை காயட்டும் என்று முற்றம் முழுக்கப் பரப்பியிருக்கும். கோழி அதன் மேல் நடந்து போகும், எச்சம் இடும், பசைக் கிண்ணத்தில் வாய் வைக்கும். ஒரு நாள் உழைப்பு ஒரு கோழிக்காலில் போய்விடும். அதனால் வேம்படியில் நாலு கருவேலங்கால் நட்டு, பழைய வலையைச் சுற்றி, மேலே ஓலை போட்டு ஒரு சின்னக் கூண்டு. ஏழெட்டுக் கோழி நிற்கலாம். பகலெல்லாம் அவை அதற்குள்தான்.

அடைத்த கோழிக்கு மண்சட்டியில் தீனி வைத்துப் பார்த்தாள் ஆச்சி. முதல் வேலையாக ஒன்று சட்டிக்குள் ஏறி நின்று இரண்டு காலாலும் பறித்தது. இன்னொன்று விளிம்பில் உட்கார்ந்து சட்டியையே கவிழ்த்தது. உட்கார்ந்த இடத்தில் எச்சமும் இட்டது. தவிட்டோடு கம்பைக் கலந்து வைத்தால் இன்னும் மோசம். கம்பை மட்டும் பொறுக்க, அலகால் தவிட்டை இடமும் வலமும் வீசி எறியும். சாயங்காலம் பார்த்தால் தின்றது பாதி, மிதித்தது பாதி. "தின்னு தொலைச்சாலும் பரவால்ல, மண்ணுல போட்டு மிதிக்கிறாளுகளே" என்று ஆச்சி கூண்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாள்.

தகரத் தாத்தா வந்தது அந்தச் சமயத்தில்தான். ஊருக்கு ஊர் சைக்கிளில் வந்து ஓட்டை வாளிக்கு அடிப்போடுகிற மனுஷர். பெயர் யாருக்கும் தெரியாது, தகரத் தாத்தா என்றால்தான் தெரியும். வேம்படியில் சாக்கை விரித்துக் கத்தரியையும் மரக்கொட்டாப்புளியையும் எடுத்து வைத்தாரென்றால், தெருப்பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்.

பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மூலைக்கு மூலை நெட்டாகக் கத்தரித்தார். ஒரு டின் இரண்டு தொட்டியானது, அடி குறுகி வாய் விரிந்து. தீனி எப்போதும் அடியில் வந்து சேர்ந்துகொள்ளும், மூலையில் தங்கிப் பூசணம் பிடிக்காது. பிறகு வாய் விளிம்பை இரண்டு மடிப்பாக உள்பக்கம் மடித்துத் தட்டினார். கோழி அலகால் வாரி இழுக்கும்போது தீனி அந்த மடிப்பில் முட்டி உள்ளேயே விழும். தகரக் கூர் கழுத்தில் கிழிக்கவும் செய்யாது. "ஈயம் வச்சுப் பத்த வைங்களேன்" என்று ஆச்சி சொன்னதற்கு, "கோழி கொத்துற சாமானுக்கு ஈயம் ஆகாது ஆத்தா, மடிப்பே போதும்" என்றார்.

கடைசியில் செய்ததுதான் வித்தை. தொட்டிக்கு மேலே நெடுகிலும் ஒரு மூங்கில் குச்சி. இரண்டு நுனியிலும் ஆணி அடித்து, ஆணியைப் பக்கத் தகரத்து ஓட்டையில் தொளதொளவென்று செருகினார். கோழி ஏறி நின்றால் குச்சி உருளும், கோழி கீழே வந்துவிடும். அன்றைக்கு ஒவ்வொரு கோழியாக ஏறி ஏறி விழுந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. அதன் பிறகு விடியக்காலையில் அந்தக் குச்சி கடகடவென்று உருளுகிற சத்தம்தான் எங்களுக்குப் பொழுது விடிந்ததன் அடையாளம்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. விளிம்பு, நிற்கிற கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் காலால் பறிக்கும், மேலே இருந்தால் எட்டாது. குஞ்சு வளர வளர அடியில் ஒரு செங்கல், பிறகு இன்னொன்று. நிரப்புவதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. தளும்ப வைத்தால் நம் கண்ணுக்கு நிறைவாக இருக்குமே தவிர, கோழி கொட்டித்தான் தின்னும். இரண்டு தொட்டியையும் ஒரே இடத்தில் வைக்காதே, ஆளுக்கொரு மூலையில் வை என்பார். கொண்டைச் சேவல் ஒரு தொட்டியைக் காவல் காத்துக்கொண்டிருக்கையில், இளைத்த பெட்டை மற்றதில் நிம்மதியாகத் தின்னும். இதையெல்லாம் அவர் யாரிடம் படித்தார் என்று நாங்கள் கேட்டதில்லை.

தவிட்டை வீசுகிற குணத்துக்கு மருந்து ஆச்சி கண்டது. கஞ்சித் தண்ணீர் தெளித்துப் பிசறி வைப்பாள். பொடி தானியத்தோடு ஒட்டிக்கொண்டால் எதை வீச? ஆனால் அந்தந்த வேளைக்குத் தின்று தீர்க்கிற அளவுதான் பிசறுவாள். புளித்து நாறின தீனியைக் கோழிக்குக் காட்டக் கூடாது. பொழுது சாய்ந்ததும் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள், இல்லையென்றால் ராத்திரி பெருச்சாளிக்கு விருந்து. தண்ணீர்ச் சட்டி தொட்டிக்கு எதிர் மூலையில் இருக்கும். வாய் விளிம்பில் துளை போட்ட கலயத்தில் நீர் நிரப்பி, மண் தட்டில் கவிழ்த்து வைப்பது. தட்டில் நீர் துளைக்குக் கீழே இறங்கினால் கலயத்துக்குள் காற்று போகும், குபுக்கென்று கொஞ்சம் நீர் வரும். அந்தக் குபுக் சத்தத்துக்காகவே பள்ளிக்கூடம் விட்டு வந்து கூண்டோரம் குந்தியிருப்பேன்.

மழைக்காலத்தில் கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு கூண்டுப்பக்கம் போக விடாது. அப்போதும் கறையான் கலயம் தவறாது. பழைய சாக்குத் துணி, வைக்கோல், காய்ந்த சாணி எல்லாம் திணித்து நீர் தெளித்த கலயத்தைச் சாயங்காலம் கறையான் புற்றில் கவிழ்த்து வருவாள். காலையில் எடுத்தால் உள்ளே வெள்ளையாகப் பொதபொதவென்று இருக்கும். அதைக் குஞ்சுகள் முன்னால் தட்டினால் ஒரு துளி மிஞ்சாது. அதற்குத் தொட்டி தேவையில்லை.

சித்திரையில் வெள்ளைக்கழிச்சல் வரும். ஒரே வாரத்தில் கூண்டைக் காலி செய்துவிடும். தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்துவிட்டு ஆச்சி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த நாட்களில் குச்சி உருளாத காலை ரொம்ப நீளம்.

போன தடவை போயிருந்தேன். வேம்படியில் சிமெண்டுத் தளம், அதன் மேல் மோட்டார் சைக்கிள். தீப்பெட்டியை மெஷின் செய்கிறது. முட்டை அட்டையில் அடுக்கி நாமக்கல்லிலிருந்து வருகிறது. ரோட்டோரத்தில் சிவப்பு பிளாஸ்டிக் தீனிப்பெட்டி தொங்கவிட்டு விற்கிறார்கள், கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பு உள்ளே மடிந்துதான் இருந்தது. வாங்கி எங்கே தொங்கவிட? தகரத் தாத்தா வருவது எந்த வருஷம் நின்றது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆனால் எந்தத் தொட்டிக்கும் அடங்காத ஒரு செவலைப் பெட்டை இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. உருளுகிற குச்சியில் ஏறாது, விளிம்பில் வாராது. வாய் நிறைய அள்ளிக்கொண்டு கூண்டின் மூலைக்குப் போய் உதறி, பொறுக்கிப் பொறுக்கித் தின்னும். சிந்துகிறதெல்லாம் அவள் சிந்துவதுதான். ஆச்சி ஒரு தை மாசம், பொங்கலுக்கு முன்னால், சந்தைக்குப் போகிறவர் கையில் அவளைக் கொடுத்துவிட்டாள். கூண்டில் முட்டை பாதியாகக் குறைந்த பிறகுதான் யார் இட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. மறு சந்தைக்கு ஆச்சியே நடந்து போய், "அந்தச் செவலை இன்னும் கிடக்கா தம்பி?" என்று கேட்டாளாம்.