எரியும் பாதம், உணராத பாதம்

சென்ற வாரம் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். நீரிழிவு நரம்பு வலியோடு இரவுகளை எப்படிக் கழிக்கிறீர்கள் என்பது ஒன்று. இந்தக் கால்களோடு களப்பணி உள்ள தலைப்பை எடுக்கலாமா என்பது மற்றொன்று. எனக்கு 14 வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. பாத வலி தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே இடுகிறேன்.

பிறருக்கு விளக்கக் கடினமானது இதுதான்: எரிகின்ற பாதமும் உணராத பாதமும் ஒரே பாதம். இரவில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் உள்ளங்கால் காந்தும். மறுநாள் அதே உள்ளங்காலின் கீழ், செருப்புக்குள் சரளைக்கல் ஒன்று கிடந்தாலும் தெரியாது. சேதமுற்ற நரம்பு காரணமின்றி வலியை அனுப்புகிறது. காரணம் இருக்கும்போது வாளாவிருக்கிறது. ஆகையால் எரிச்சல் அடங்கிவிட்டது என்பதைக் கொண்டு நோய் தணிந்தது என முடிவு செய்ய இயலாது. நரம்பிழைகள் மேலும் நலிந்ததாலும் அது அடங்கியிருக்கலாம். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை விரல் எலும்பின்மேல் வைத்தும் மருத்துவர் இந்த இழப்பைச் சோதிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். கேட்டு என்று வலியுறுத்துகிறேன். நான் சென்ற மருத்துவமனைகள் சிலவற்றில் காலுறையைக் கழற்றச் சொல்லவே இல்லை.

எனக்கு இதைத் தெளிவாக்கியது தொழுநோய் மருத்துவத்தின் வரலாறு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; உணர்வற்ற உறுப்பில் நேரும் சூடும் கீறலும் அழுத்தமும் கவனிக்கப்படாமல் தொடர்வதே சிதைவுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அந்த அறிவு நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்பட்டது. இன்று எங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் தொழுநோயாளர் அணிந்துவந்த செருப்புதான். அதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. அந்தச் சுளிப்பைப் பொருட்படுத்துவதற்கு என்னிடம் இருப்பவை இரண்டே கால்கள்.

தோல் செய்யாத வேலையைக் கண்கள் செய்ய வேண்டும். குளித்தபின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்துவிட்டு, தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். குதிகாலுக்குக் களிம்பு பூசுவேன். விரலிடுக்கில் பூசுவதில்லை, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெள்ளைக் காலுறையே அணிகிறேன், இரத்தக் கறை உடனே தெரியும் என்பதற்காக. செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்த பிறகே காலை நுழைப்பது. காய்ப்பையோ ஆணியையோ பிளேடால் சீவுவதும், அமிலப் பட்டை ஒட்டுவதும் வேண்டாம். காய்ப்பு என்பது அங்கே அழுத்தம் மிகுந்திருப்பதன் அடையாளம்; அதன் அடியிலேயே புண் தொடங்குவதுண்டு.

வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும் என்று உறவினர் அனைவரும் சொல்வர். சொல்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால் சூடு மிகும்போது காலை இழுத்துக்கொள்ளச் செய்யும் உணர்வு இங்கே இல்லை. குளிக்கும் நீரைக்கூட முழங்கையால் தொட்டுப் பார்த்தே ஊற்றுகிறேன். வெந்நீர்ப் பைக்கும் பனிக்கட்டிக்கும் இதே விதிதான்.

இனி, இரவு. போர்வை உராய்வதே தாங்கவொண்ணாத நாட்களில், புத்தகங்கள் வந்த அட்டைப் பெட்டியின் இருபுறத்தை வெட்டிக் கால்மாட்டில் கவிழ்த்து, அதன்மேல் போர்வையை விரிக்கிறேன். கூடாரத்துள் கால்கள் தனியே உறங்கும். அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின் முதலிய மருந்துகள் நரம்பைச் செப்பனிடுவதில்லை; வலிச்செய்தியைத் தணிக்கின்றன, அதுவும் பெரும்பாலும் ஓரளவே. பிரிகாபலின் தரும் மந்தம் காலை வாசிப்பைத் தின்றது. மருத்துவரிடம் கேட்டு இரவு மருந்தை முன்னதாக எடுக்கத் தொடங்கியபின் நிலைமை மேம்பட்டது. மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்வோரும் முற்றிலும் சைவ உணவினரும் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நன்று. அதன் குறைவாலும் இதே எரிச்சல் வரலாம்.

களப்பணி பற்றி: எடுக்கலாம். நான் பார்ப்பவை கர்நாடகத்துத் தமிழ்க் கல்வெட்டுகள். கோலாரம்மா கோயில்போல வழிபாடு நிகழும் இடங்களில் செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும். நண்பகலில் முற்றத்துக் கல் கொதிக்கும். பிறர் துள்ளி ஓடும் தளத்தில் நான் நிதானமாக நின்று வரிகளைப் படித்துக்கொண்டிருப்பேன், ஆபத்து அதுதான். எனவே களப்பணியை நவம்பர் முதல் பிப்ரவரி வரை என வகுத்து, மேற்பார்வையாளரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டேன். காலை ஒன்பது மணிக்குள் வேலை முடியும். தடித்த காலுறை எப்போதும் உண்டு. வெளியே வந்ததும் பாதத்தைப் பார்ப்பேன். சிவந்து, வீங்கி, ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆண்டில் நான்கு மாதங்களே என்பதால் எனது பட்டியலில் கோயில்கள் குறைந்தன, ஆய்வேட்டின் எல்லையும் சுருங்கியது. ஜனவரியில் மீண்டும் கோலார் செல்கிறேன். அந்த மாணவரும் உடன் வருவதாக எழுதியிருக்கிறார். வெள்ளைக் காலுறை இரண்டு இணை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.