பலோம்போச் சுறா

பலேர்மோவின் கால்சாவில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். பால் காணாது என்று அழுதுகொண்டிருந்தாள். கீழ்வீட்டு சிசிலிக்காரம்மா பெருஞ்சீரகத்தை அவித்துப் போத்தலில் கொண்டுவந்து தந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் அம்மாவோ மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு அரைத்து, உள்ளியை அள்ளிப் போட்டுப் பத்தியக்கறி வைத்தா. இங்கே மீன்கடைகளில் 'பலோம்போ' என்று விற்பது சின்னச் சுறாதான் என்று தெரிந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அன்றைக்கே சுறாவறை.

தங்கச்சி கூப்பிட்ட மருத்துவிச்சி கறியைப் பழிக்கவில்லை. பெருஞ்சீரகத் தேநீரை மட்டும் நிறுத்தச் சொன்னா. பாலூட்டும் காலத்துக்குப் போதிய தரவில்லை என்று ஐரோப்பிய மருந்து முகமையும் அதைப் பரிந்துரைப்பதில்லை. (தரவு என்றால் நம்புகிற தொழில் என்னுடையது.) கறியில் விழும் ஒரு சிட்டிகை வேறு, நாளுக்கு ஒரு போத்தல் வேறு. பிறகு பிள்ளையின் வாயை மார்பில் சரியாகப் பொருத்திக் காட்டினா. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். நாளுக்கு 8 முதல் 12 தடவை கொடுக்கவேண்டும். தங்கச்சி ஆறு தடவைதான் கொடுத்திருக்கிறாள், இடையில் புட்டிப்பால்.

பத்தியத்தை நான் பகிடி பண்ணமாட்டேன். யாரோ சமைக்கிறார்கள், பெற்றவள் படுத்திருக்கிறாள். புலம்பெயர்ந்த வீடுகளில் அதுவே அரிது.

14ஆம் நாள் பிள்ளை பிறந்த எடையைத் தாண்டியது. சுறாதான் என்கிறா அம்மா. கீழ்வீட்டில் இன்னும் பெருஞ்சீரகம் என்கிறார்கள்.