புளிக்காத ஊரின் ரொட்டி

அயர்லாந்தில் இட்லி மாவு லேசில் பொங்காது. கார்க் நகரத்துக் குளிரில் ராத்திரி கரைத்து வைத்த மாவு, விடிந்து பார்த்தாலும் வைத்தது வைத்தபடியே கிடக்கும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இதற்கு ஆளுக்கொரு உபாயம் உண்டு. சிலர் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைப்பார்கள். சிலர் கம்பளியில் சுற்றுவார்கள். பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு ‘ஹாட் பிரஸ்’ வாய்த்திருக்கிறது. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அந்த அலமாரியில், துவைத்து மடித்த துணிகளுக்கு நடுவே மாவுப் பாத்திரமும் குடியேறும்.

நான் பிறந்த அம்மையார்குப்பத்தில் கவலை நேர் எதிரானது. தமிழ்நாட்டில் வெயில் கொளுத்திய ஊர்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கும் திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர் அது. சித்திரையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்திருக்கும். ஆடி மாதக் கூழுக்குக் கரைத்த கேழ்வரகு மாவும் ஒரே ராத்திரியில் புளித்துவிடும். புளிக்க வைப்பது எங்கள் ஊரில் யாரும் மெனக்கெட்டுச் செய்யும் வேலையல்ல, வெயிலின் வேலை. அந்த வெயிலை இங்கே கம்பளியாலும் பல்பாலும் ஈடுகட்டப் பார்க்கிறோம்.

ஐரிஷ்காரர்கள் வெயிலை எதிர்பார்க்காமலே ரொட்டிக்கு வழி கண்டவர்கள். அவர்களுடைய பழுப்பு சோடா ரொட்டியில் ஈஸ்ட் கிடையாது, மாவு ஊறவும் வேண்டாம். கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர். கலந்த கையோடு அடுப்பில் வைத்துவிடலாம். புளிக்கும் பொறுப்பை மாவின் தலையில் கட்டாமல் பாலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மோரிலுள்ள லாக்டிக் அமிலம் சோடாவோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது, ரொட்டி எழும்புகிறது.

அவர்களுக்கு இந்த வழியைக் காட்டியதும் அவர்களுடைய வானிலைதான். குளிரும் ஈரமுமான கோடையில் விளையும் ஐரிஷ் கோதுமை மென்மையானது. அதில் குளூட்டன் குறைவு என்பதால் ஈஸ்ட் ரொட்டி அவ்வளவு உயரமாக எழும்பாது. சோடா ரொட்டிக்கோ அந்த மென்மைதான் தோது. மழை புல்லைக் கொடுத்தது, புல் பாலைக் கொடுத்தது. 1770-இல் தொடங்கிய கார்க் வெண்ணெய்ச் சந்தை, 19-ஆம் நூற்றாண்டில் உலகிலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை என்று பெயர் வாங்கியது. உப்பிட்ட வெண்ணெய் மரப் பீப்பாய்களில் அடைபட்டு மேற்கிந்தியத் தீவுகள் வரை கப்பலேறிற்று. வெண்ணெய் ஊரை விட்டுப் போனது, கடைந்த வீட்டில் மோர் மிஞ்சியது. 1830-களில் சமையல் சோடா ஊருக்குள் வந்தபோது, அதற்கு வேண்டிய புளிப்பு வீடுதோறும் தயாராக இருந்தது.

ஏழை வீடுகளில் ஓவன் இல்லை. மூன்று கால் வைத்த ‘பாஸ்டிபிள்’ என்ற இரும்புச் சட்டியில் மாவை வைத்து, கரிமண் கட்டி எரியும் கணப்பின் மேல் தொங்கவிட்டார்கள். மூடியின் மேலும் தணல் அள்ளிப் போட்டார்கள். கீழும் மேலும் தீ பட்டு ரொட்டி வெந்தது.

1845-இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோய் பெரும் பஞ்சமாக முற்றியது. பத்து லட்சம் பேர் வரை மாண்டார்கள், அதே அளவு மக்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களோடு சோடா ரொட்டியும் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, அங்கே சர்க்கரை, முட்டை, உலர்திராட்சை எல்லாம் ஏற்றுக்கொண்டது. அதைப் பார்க்கும் ஐரிஷ்காரர் இது கேக் என்று சிரிப்பார். அயர்லாந்தில் ரொட்டி எது என்பதற்குச் சட்டமே இருக்கிறது. வரிவிலக்குப் பெறும் ரொட்டியில், மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை கூடாது. அந்த அளவை மீறிய ஒரு சாண்ட்விச் கடையின் ரொட்டி இந்த வகையில் சேராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. புலம்பெயர்ந்த சமையல் எதுவும் இந்தப் பங்காளிச் சண்டைக்குத் தப்பாது. எங்கள் வீட்டு ஓட்ஸ் இட்லியைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

செய்முறை இதுதான். கொரகொரப்பான முழுக்கோதுமை மாவு 250 கிராம், மைதா 200 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா தலை தட்டி ஒரு டீஸ்பூன். சோடாவைக் கட்டியில்லாமல் சலித்துப் போட வேண்டும், இல்லையென்றால் ரொட்டியில் பச்சைப் புள்ளிகளும் கசப்பும் வரும். நடுவில் குழி பறித்து 400 மில்லி மோர் ஊற்றி, விரல்களை விரித்து வைத்து ஒரே திசையில் கலக்கினால் சில நொடிகளில் ஒன்றுகூடிவிடும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் அடித்துப் பிசைந்து பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். பிசையப் பிசைய வாயு வெளியேறும், மாவு இறுகும். ஒட்டிக்கொள்ளும் பதத்திலேயே வட்டமாகத் தட்டி, கத்தியால் ஆழமாகச் சிலுவைக் கோடு போட வேண்டும். தேவதைகள் வெளியேற வழி என்பார்கள் இங்குள்ள பெரியவர்கள். நடுப்பகுதிக்குச் சூடு இறங்கும் வழியும் அதுதான். 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 25 நிமிடம். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் கேட்க வேண்டும். மேலோடு மெத்தென்று வேண்டுமானால் சுடச்சுடத் துணியில் சுற்றி வைக்கலாம்.

இதைப் போனில் அம்மாவிடம் சொன்னபோது, “ஈஸ்ட்டு வேணாமா? புளிச்ச மோரு, சோடா உப்பு, அவ்ளோதானா? அட, இது மைசூர் போண்டா மாவுதான்டா. எண்ணெய்ல போடாம அடுப்புல வெக்கிறாங்க!” என்றார். எல்லையோர ஊர்களில் காலை டிபனுக்குச் சுடும் அந்த போண்டாவை உப்ப வைப்பதும் இதே அமிலம், இதே வாயு.

ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு மாற்றங்கள் போதும். நாம் குடிக்கும் நீர்மோர் உதவாது, புளித்த தயிரில் கொஞ்சமே தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் கடைந்துகொள்ள வேண்டும். மில்லில் கோதுமையை நைஸாக அரைக்காமல் குருணைப் பதத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஓவன் இல்லாவிட்டால், கேஸ்கட்டும் விசிலும் கழற்றிய குக்கரின் அடியில் உப்பைப் பரப்பிச் சூடேற்றி, அதன் மேல் தட்டை வைத்து வேகவிடலாம். அம்மா அப்படித்தான் செய்தார். மேலே தணல் இல்லாததால் மேற்புறம் வெளுத்திருந்தது. தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டுச் சிவக்க வைத்துவிட்டார்.

நான் இட்லியை விட்டுவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்துக்கொண்டேன், அதற்கு ஹாட் பிரஸ்ஸும் பொறுமையும் வேண்டும். மற்ற நாட்களில் இந்த ஊரின் வானிலை எதைச் சுலபமாகச் செய்ய விடுகிறதோ அதைத்தான் செய்கிறேன். குடியேறுவது என்பதற்கு எனக்கு இப்போதைக்குத் தெரிந்த அர்த்தம் இவ்வளவுதான். ரொட்டித் துண்டின் மேல் கனமாக வெண்ணெய் தடவி ஆவக்காய் ஊறுகாய் தொட்டுக்கொள்வது மட்டும் எல்லையோரத்தான் புத்தி. முதல் நாள் அப்படியே சாப்பிடலாம், இரண்டாம் நாள் டோஸ்ட் போட்டால் நன்றாக இருக்கும். மூன்றாம் நாளுக்கு எடுத்துவைக்க வேண்டாம். முக்கால் மணி நேர வேலை, புதிதாகவே சுட்டுவிடலாம்.